மார்க் இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, இன்டர்வியூவில் வாய் திறப்பதில்லை: இதில் வளர்ந்த விதத்தின் பங்கு எவ்வளவு?

விழுப்புரம்_பிளேஸ்மென்ட் (கேள்வி)

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. இறுதியாண்டு பி.காம்., பி.சி.ஏ., பி.எஸ்சி. கணிதம் மூன்றும் சேர்த்து அறுபது பேருக்கு வேலைவாய்ப்புப் பயிற்சி நடத்த வேண்டும். பெரும்பாலோர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். பெற்றோர் கரும்பு வெட்டு, செங்கல் சூளை, கட்டட வேலை, சிறு கடை. அரசின் "நான் முதல்வன்" திறன் பயிற்சிப் படிப்புகளை முடித்திருக்கிறார்கள். எக்ஸெல், டேலி தெரியும்.

சிக்கல் வேறு இடத்தில். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் பெயர், ஊர், அப்பா பெயர், அதோடு பேச்சு நின்றுவிடுகிறது. தெரியாத எண்ணிலிருந்து கம்பெனி அழைத்தால் போனை எடுப்பதில்லை. ஆஃபர் வாங்கியவர்களில் சிலர் சேரும் நாளன்று போவதில்லை. சேர்ந்தவர்களில் சிலர் இரண்டு மாதத்துக்குள் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்துவிடுகிறார்கள்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். சிறுவயது அனுபவங்கள் (வறுமை, வீட்டில் குடி, சண்டை, இடம்பெயர்வு) பற்றி ஒரு படிவம் கொடுத்து, அதை வைத்து யாருக்கு என்ன உதவி என்று பிரிக்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. செய்யலாமா? அடுத்து, கையில் இருப்பது வாரம் 2 மணி நேரம், 16 வாரம். இருபது வயதுக்கு மேல் இதில் எது மாறும், எது மாறாது?

---

கூழாங்கல்

முதலில் அந்தப் படிவத்தைக் கிழித்துப் போடுங்கள்.

சிறுவயதுத் துன்பங்களை எண்ணிப் பார்க்கும் முறை 1995-97இல் அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டி, ஆண்டா குழு சான் டியேகோவில் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்விலிருந்து வந்தது. ஒரு மக்கள்தொகையில் துன்பம் கூடக் கூடப் பிற்கால நோய்கள் கூடுகின்றன என்று காட்டிய ஆய்வு அது. தனி ஆளைத் தரம் பிரிக்கும் கருவியாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2020இல் அதே ஆண்டாவே எழுதினார். ஒரே எண்ணிக்கை வாங்கிய இரண்டு பேர் இரண்டு விதமாக வாழ்கிறார்கள். போகட்டும், நடைமுறையை யோசியுங்கள். "வீட்டில் யாராவது குடிப்பார்களா" என்ற தாள் துறைத்தலைவர் மேசையில் கிடந்தால், எந்தப் பிள்ளை உண்மை எழுதும்? எழுதியவரை அப்புறம் எந்த ஆசிரியர் சாதாரணமாகப் பார்ப்பார்?

"உனக்கு என்ன நடந்தது" என்று கேட்காதீர்கள். "நீ என்னென்ன செய்து பார்த்திருக்கிறாய்" என்று கேளுங்கள். துணையில்லாமல் பஸ்ஸில் 50 கிலோமீட்டர் போயிருக்கிறாயா? வங்கியில் செலான் எழுதிப் பணம் கட்டியிருக்கிறாயா? முன்பின் தெரியாத ஒருவருக்குப் போன் போட்டு விவரம் கேட்டிருக்கிறாயா? ஒரு அலுவலகத்தில் "இது தவறாகப் பதிந்திருக்கிறது" என்று சொல்லித் திருத்தி வாங்கியிருக்கிறாயா? 500 ரூபாய்க்கு மேல் உன் முடிவில் எதையாவது வாங்கியிருக்கிறாயா? நோயாளி ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் நீ விளக்கியிருக்கிறாயா? இப்படிப் பத்துக் கேள்வி போதும். ஒவ்வொன்றுக்கும் "தனியாக", "துணையோடு", "இல்லை" என்று மூன்றில் ஒன்று. யார் மனமும் நோகாது. எங்கே பயிற்சி தேவை என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

பேச்சு விஷயம். பத்து வருடம் வகுப்பில் நாற்பது பேரோடு சேர்ந்து "ஆமா சார்" சொல்லி வளர்ந்த பிள்ளை, ஒற்றைக் குரலில் இரண்டு நிமிடம் பேசிப் பழகியதே இல்லை. வீட்டிலோ "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே". பேசினால் அதிகப்பிரசங்கி. அந்த மௌனம் மரியாதை என்று கற்றுக்கொண்டு, அதற்காகவே பாராட்டும் வாங்கிய பிள்ளையிடம் "உனக்குத் தன்னம்பிக்கை இல்லை" என்று சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். "இன்டர்வியூவில் விரிவாகப் பேசுவதுதான் மரியாதை" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பாதி இறுக்கம் அங்கேயே தளரும்.

பயிற்சி இப்படி. முதல் வாரம் இருவர் இருவராக, தமிழில், 60 நொடி. தலைப்பு அவர்களுக்குக் கையோடு தெரிந்த வேலை ஒன்று: கரும்புக் கரணை நடுவது, பஸ் பாஸ் வாங்குவது, நாற்பது பேருக்குச் சாம்பார் வைப்பது. இரண்டாம் வாரம் அதே தலைப்பு, 2 நிமிடம். மூன்றாம் வாரம் வேறு துறை மாணவர் முன்னால். நான்காம் வாரம் போனில் பதிவு செய்து அவர்களே கேட்க வேண்டும். ஐந்தாம் வாரம்தான் ஆங்கிலம், அதுவும் அதே தலைப்பில். சொல்ல வேண்டிய சரக்கு ஏற்கெனவே மனத்தில் இருப்பதால் மொழி ஒன்றை மட்டும் தேடினால் போதும். முதல் நாளே ஆங்கிலத்தில் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்று ஆரம்பிப்பதில்தான் பல பயிற்சிகள் கவிழ்கின்றன: என்ன சொல்வது, எந்த மொழியில் சொல்வது என்று இரண்டு சுமை ஒரே நேரத்தில்.

ஒரு முயற்சிக்கு ஒரு திருத்தம்தான். பேச்சின் நடுவே இலக்கணம் திருத்தாதீர்கள். எல்லார் முன்பும் மேடைக்கு அழைக்காதீர்கள், குறைந்தது ஆறு வாரத்துக்கு.

நம்பிக்கை எதிலிருந்து வருகிறது என்று உளவியலாளர் பந்துரா 1977இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து ஜெயித்தது, தன்னைப் போன்றவர் செய்யக் கண்டது, பிறர் ஊக்கச் சொல், உடலின் படபடப்பு எவ்வளவு என்பது. முதலாவதுதான் வலுவானது. கல்லூரிகள் செலவழிப்பதோ மூன்றாவதுக்கு, அதாவது மோட்டிவேஷன் பேச்சாளருக்கு. அந்தப் பணத்தை பஸ் கட்டணமாகப் பிள்ளைகள் கையில் கொடுத்து ஒரு தொழிற்பேட்டையைப் பார்த்துவிட்டு வரச் சொன்னால் பலன் அதிகம்.

---

ஷிப்ட்_பி

ஆலைப் பக்கத்திலிருந்து, ஆள் எடுப்பவர் பார்வையில் சொல்கிறேன். முதல் 90 நாளில் ஆள் நிற்காததற்கு வேலை தெரியாமை காரணமாக இருப்பது அபூர்வம்.

சொல்லாமல் நின்றுவிடுவது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பள்ளியில் லீவு என்றால் அப்பா கையெழுத்துப் போட்ட கடிதம், அதுவும் திரும்பி வந்த பிறகு கொடுப்பது. வரும் முன்பே தானே சொல்ல வேண்டும் என்று பன்னிரண்டு வருடத்தில் ஒருவரும் சொல்லித்தரவில்லை. வேலையில் சேர்ந்த மூன்றாம் வாரம் காய்ச்சல் வருகிறது. முதல் நாள் போன் செய்யவில்லை. இரண்டாம் நாள் செய்யப் பயம், ஏனென்றால் முதல் நாள் செய்யவில்லை. நான்காம் நாள் காய்ச்சல் போய்விடுகிறது, பயம் போகவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறான். எச்.ஆர். பதிவேட்டில் அவன் "ஓடிப்போனவன்". நடந்தது வெறும் காய்ச்சல்.

இதற்கு மருந்து ஒரு குறுஞ்செய்தி. வகுப்பிலேயே எழுதி அவரவர் போனில் சேமிக்க வையுங்கள்: "வணக்கம் சார். நான் இன்னார், எம்ப்ளாயி எண் இது. காய்ச்சல். இன்று பி ஷிப்டுக்கு வர இயலவில்லை. நாளை வருவேன், இல்லையென்றால் நாளை மதியத்துக்குள் சொல்கிறேன்." ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, சூப்பர்வைசருக்கு. பதில் வராவிட்டால் ஒரு போன். பத்து முறை நடித்துப் பார்க்கட்டும், சூப்பர்வைசர் எரிந்து விழுவது உட்பட. தாமதமாகச் சொன்னாலும் சொல்லலாம் என்பதையும் தனியாகச் சொல்லுங்கள், அதுதான் அவர்களுக்குத் தெரியாதது.

எரிந்து விழுவது என்றதும் ஒன்று. உரத்த குரல் கேட்டாலே அடி விழும் என்ற வீட்டில் வளர்ந்தவருக்கு, இயந்திரச் சத்தத்தில் சூப்பர்வைசர் கத்திப் பேசுவதும் திட்டுவதும் ஒன்றாகத்தான் கேட்கும். சிலர் உறைந்து நிற்பார்கள், சிலர் எதிர்த்துப் பேசி அன்றே கிளம்பிவிடுவார்கள். "தளத்தில் சத்தமாகத்தான் பேசுவார்கள், சொல்லப்பட்ட வேலையை மட்டும் காதில் வாங்கு, திரும்பச் சொல்லி உறுதிப்படுத்து" என்று முன்பே சொல்லிவைப்பது உதவும். "சார், 6 எம்எம் போல்ட், நான்கு இடம், சரிதானே?" இவ்வளவு போதும். உண்மையிலேயே அவமதிப்பவர்களும் உண்டு. அதைப் பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்காதீர்கள், யாரிடம் புகார் சொல்வது என்று கற்றுக்கொடுங்கள்.

அடுத்தது சம்பளச் சீட்டு. இதை யாரும் கவனிப்பதில்லை. அப்பா சனிக்கிழமை மாலை கையில் கூலி வாங்கி வந்த வீட்டில், கூலியில் பிடித்தம் என்றால் மேஸ்திரி ஏமாற்றிவிட்டார் என்று அர்த்தம். அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஆஃபரில் மாதம் 20,025 என்று வருகிறது. அதில் கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,440, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 585 இரண்டும் அடக்கம். மொத்தச் சம்பளம் 18,000. அதிலிருந்து ஊழியர் பங்கு பி.எஃப். 1,440 (அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால் அதில் 12 சதவீதம்), இ.எஸ்.ஐ. 135 (18,000இல் 0.75 சதவீதம்) போகும். கைக்கு 16,425. இருபதாயிரம் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. வந்தது பதினாறு. "ஏமாத்திட்டாங்க, வந்துடு" என்று வீட்டிலிருந்து போன். இந்தக் கணக்கை கரும்பலகையில் ஒருமுறை போட்டு, அந்தத் தாளைப் பெற்றோருக்கும் கொடுத்தனுப்புங்கள்.

சேரும் நாளன்று வராமல் போவதற்குப் பெரும்பாலும் பணம்தான் காரணம். ஜூன் 2 சேர்ந்தால் முதல் சம்பளம் ஜூலை 7. அதுவரை 35 நாள். ஒரு மாதிரிக் கணக்கு: தங்குமிட முன்பணம் 5,000, வாடகையும் சாப்பாடும் 6,000, பஸ் 1,000, உடை, ஷூ 1,500, மருத்துவச் சான்று, போட்டோ, நகல் வகையறா 500. ஆக 14,000 ரூபாய். அது இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, "வீட்டில் விடவில்லை" என்பார்கள். ஆஃபர் வந்த அன்றே இந்தக் கணக்கைத் தாளில் போட வையுங்கள். தங்குமிட முன்பணத்தை இரண்டு சம்பளத்தில் பிடித்துக்கொள்ள முடியுமா என்று கம்பெனியிடம் நீங்கள் கேளுங்கள். கேட்டால் ஒத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு, கேட்பவர்தான் இல்லை.

---

உப்புக்கணக்கு

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் தலைப்பிலேயே ஒரு வழுக்கல் இருக்கிறது. எல்லாவற்றையும் "வளர்ந்த விதம்" கணக்கில் எழுதிவிட்டால் இன்றைய நெருக்கடி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

உங்கள் மாவட்டத்திலேயே நடந்த ஆய்வு ஒன்று. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். மணி, முல்லைநாதன், ஷஃபீர், ஜாவோ என்ற ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டது. கரும்புப் பணம் வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். கைவசம் காசில்லாத மாதங்களில் வடிவப் புதிர்களில் குறைவாக எடுத்த அதே ஆட்கள், பணம் வந்த பிறகு கூடுதலாக எடுத்தார்கள். ஆளும் அதே ஆள், அவர் வளர்ந்த விதமும் அதே. மாறியது பணக் கவலை மட்டும். ஆகவே தேர்வுக் கட்டணக் கெடு முடியும் வாரத்தில் நேர்காணல் வைக்காதீர்கள். வட்டி கட்டும் தேதியன்று "இரண்டு ஆஃபரில் ஒன்றை இன்று மாலைக்குள் தேர்ந்தெடு" என்று நெருக்காதீர்கள். மூன்று நாள் கொடுங்கள்.

இன்னொன்று, குழந்தையிடம் ஒரு மிட்டாயைக் கொடுத்து, தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று தருவதாகச் சொல்லும் சோதனை. காத்திருந்தவர்கள் பின்னாளில் முன்னேறுவார்கள் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். 2018இல் வாட்ஸ், டங்கன், குவான் மூவரும் அதிகக் குழந்தைகளிடம் திரும்பப் பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. சொன்னபடி இரண்டாவது மிட்டாய் வரும் என்று நம்பும்படியான வீடு இருந்ததா என்பதும் அதில் கலந்திருக்கிறது.

அதற்காகச் சிறுவயது ஒன்றுமே இல்லை என்றும் சொல்லவில்லை. நியூசிலாந்தின் டனீடனில் 1972-73இல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், சிறுவயதில் தன்னை அடக்கிக்கொள்ளும் பழக்கம் 32 வயதில் பணநிலையோடு தொடர்புடையதாக இருந்தது, குடும்ப வசதியையும் அறிவுத்திறனையும் கழித்த பிறகும். அதே ஆய்வில், வளரும் காலத்தில் அந்தப் பழக்கம் மேம்பட்டவர்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருபது வயதுக்கு மேல் எது மாறும் என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு அது நேரடிப் பதில் இல்லை, ஆனால் பழக்கம் மாறக்கூடியது என்று காட்டுகிறது.

ஒரு எச்சரிக்கை. உங்கள் அறுபது பேரில் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் நான்கைந்து பேர் இருப்பார்கள். அவர்களையும் அந்தப் பத்துக் கேள்வித் தாளில் எழுத வையுங்கள். "பிராய்லர் பள்ளி" என்று ஊரில் கேலியாகச் சொல்லும் உறைவிடப் பள்ளியில் காலை ஐந்து முதல் இரவு பத்து வரை மணியடித்தபடி படித்து, வாரம் ஒருமுறை அப்பா காரில் வந்து பார்த்த பிள்ளைக்கு, எதையும் தானே தீர்மானித்த அனுபவம் கூலி வீட்டுப் பிள்ளையைவிடக் குறைவாகவே இருக்கும்.

---

விழுப்புரம்_பிளேஸ்மென்ட்

படிவ யோசனையைக் கைவிட்டேன். பத்துக் கேள்வித் தாளை எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு இடத்தில் தெளிவு வேண்டும். ரெஸ்யூமேயில் அனுபவம் என்ற இடத்தில் எல்லாரும் "இல்லை" என்று எழுதுகிறார்கள். பாதிப் பேர் பள்ளி நாளிலிருந்து ஏதோ வேலை செய்தவர்கள் என்பது தெரியும். இதை எப்படி வெளியே எடுப்பது? பெண்கள் விஷயத்தில் ஆஃபர் வரை வந்து குடும்பத்தில் நின்றுபோவதற்கு என்ன வழி?

---

கரும்பலகை

ரெஸ்யூமேக்கு.

"என்ன வேலை பார்த்தாய்" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல சார்" என்றுதான் வரும். வீட்டு வேலையை வேலை என்று யாரும் சொன்னதில்லையே. ஆறு சிறு கேள்வியாக உடைத்துக் கேளுங்கள். எந்த வயதிலிருந்து? வாரம் எத்தனை மணி நேரம்? எண்ணிக்கை என்ன, அதாவது எத்தனை பேர், எத்தனை கிலோ, எத்தனை ரூபாய்? பணம் உன் கையில் புழங்கியதா? நீ தவறினால் என்ன நஷ்டம்? உன்னை நம்பி விட்டுவிட்டுப் போனவர் யார்?

ஒரு உதாரணம். மாணவர் எழுதியது: "அப்பாவுக்குக் கடையில் உதவி." ஆறு கேள்விக்குப் பிறகு தெரிய வருவது: மாலை 5:30 முதல் 9 வரை கடையில் தனியாள். 35 வீட்டுக் கடன் நோட்டு அவர் பொறுப்பு. மாதம் 10ஆம் தேதிக்குள் வசூலிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கு 6,000 ரூபாயோடு போய்ச் சரக்கு எடுப்பார். பிஸ்கட், பால் பாக்கெட் தேதி பார்த்து முன்னால் அடுக்குவார். ரெஸ்யூமேயில் இப்படிப் போகும்: "மளிகைக் கடை, விற்பனையும் கணக்கும், 3 ஆண்டு, வாரம் 20 மணி நேரம். 35 வாடிக்கையாளர் கடன் கணக்குப் பராமரிப்பு, மாத வசூல். வாராந்தரக் கொள்முதல், காலாவதி சரிபார்ப்பு." பி.காம். மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான அனுபவம் எது? இன்டர்வியூவில் அடுத்த கேள்வி "பணம் தராதவரிடம் எப்படிக் கேட்பாய்" என்று வரும். அதற்கு அவரிடம் பத்துப் பதில் இருக்கும்.

பெண்களுக்கு இது இன்னும் மறைந்து கிடக்கும். ஆயாவை மாதம் இருமுறை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், ஓபி சீட்டு போட்டு, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டரிடம் சொல்லி, அடுத்த தேதி குறித்து வருவது. குழுக் கடன் நோட்டு எழுதுவது. ரேஷன் கார்டு திருத்தத்துக்கு நான்கு முறை அலைந்து முடித்தது. மருத்துவமனை முன்மேசை, வங்கிக் கிளை, பி.பி.ஓ. வேலைகளுக்கு நேராகப் பொருந்தும்.

கவனிக்க வேண்டியவை. ஊதிப் பெருக்காதீர்கள். கடையில் நின்றவரை "ஸ்டோர் மேனேஜர்" என்று எழுதினால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார். 16 வயதுக்குப் பிந்தையதை மட்டும் எழுதுங்கள். பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவுவதைச் சட்டம் அனுமதிக்கிறது என்றாலும், பத்து வயதில் செய்ததைப் பெருமையாக எழுத வேண்டியதில்லை. இரவு முழுக்கத் தறியில் நின்று வகுப்பில் தூங்கியவருக்கு அது அனுபவம் மட்டுமல்ல, இழந்த படிப்பும்கூட. அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

இன்னொன்று மிக முக்கியம். தொழிலைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும் என்ற தயக்கம் பலருக்கு இருக்கும். அது கற்பனைப் பயம் அல்ல. "அப்பா என்ன செய்கிறார்" என்ற கேள்வி நம் ஊர் நேர்காணல்களில் சகஜமாக வருகிறது. "சுயதொழில் சார்" அல்லது "தினக்கூலி சார்" என்று ஒரே வரி, உடனே "நான் கடைசி செமஸ்டரில்..." என்று தன் பக்கம் திருப்புவது. இதை நான்கைந்து முறை சொல்லிப் பழகினால் அந்த இடத்தில் குரல் உடையாது.

---

மல்லிகைப்பந்தல்

பெண்கள் விஷயம்.

அமெரிக்க உளவியலாளர் லிண்டா காட்ஃப்ரெட்சன் 1981இல் ஒன்று சொன்னார். பிள்ளைகள் வேலையைத் தேர்ந்தெடுப்பதைவிட முன்னதாகத் தொடங்குவது, வேலைகளை அடித்துக்கொண்டே வருவது. ஆறு முதல் எட்டு வயதில் "இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை" என்று கொஞ்சம் போகும். ஒன்பது முதல் பதிமூன்றில் "இது நம்ம மாதிரி ஆளுங்களுக்குச் சரிப்படாது" என்று இன்னும் கொஞ்சம் போகும். கல்லூரிக்கு வரும்போது பட்டியலில் மிஞ்சியிருப்பது டீச்சர், வங்கி, அரசு வேலை. அடித்ததை நினைவுகூட வைத்திருக்க மாட்டார்கள்.

இதை மாற்ற கலெக்டரைக் கூட்டி வந்து பேச வைக்காதீர்கள். "அவங்க வேற" என்று கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மூன்று வருடம் முன்பு அதே கல்லூரியில் முடித்து, அதே தாலுகாவிலிருந்து போய், இன்று தரப் பரிசோதனையிலோ கணக்குப் பிரிவிலோ இருக்கும் சீனியரை அழையுங்கள். உரை வேண்டாம். எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து 40 நிமிடம் கேள்வி கேட்கட்டும். ஆசிரியர் அந்த அறையில் இருக்கக் கூடாது. அப்போதுதான் "ஹாஸ்டல் பாத்ரூம் எப்படி", "மாதவிலக்கு நாளில் என்ன செய்வீங்க", "சம்பளத்தை யார் கையில கொடுப்பீங்க" எல்லாம் வரும். முடிவைத் தீர்மானிப்பவை இந்தக் கேள்விகள்தான்.

குடும்பம். யார் தீர்மானிக்கிறார் என்பதை முதல் மாதமே தெரிந்துகொள்ளுங்கள். பல வீடுகளில் அப்பா அல்ல. பெரியப்பா, தாய்மாமன், சில நேரம் இரண்டு வயது மூத்த அண்ணன். ஆஃபர் வந்த பிறகு அவரைத் தேடினால் காலம் கடந்துவிடும். பிப்ரவரியிலேயே ஒரு நாள் வேன் வைத்து அம்மாக்களை ஆலைக்கும் ஹாஸ்டலுக்கும் அழைத்துப் போங்கள். எச்.ஆர். பிரசன்டேஷன் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கேன்டீன், கழிப்பறை, அறை, வார்டன், இந்த நான்கையும் கண்ணால் பார்க்கட்டும். வார்டன் போன் எண்ணைக் கையில் வாங்கட்டும். கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், இரவு ஷிப்ட் உண்டா, உண்டென்றால் வண்டி வாசல் வரை வருமா, சம்பளம் எந்தத் தேதி, ஊருக்கு வர எத்தனை நாள் லீவு என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கி நகல் எடுத்துக் கொடுங்கள். அன்றே சம்மதம் கேட்காதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பேசி முடிவெடுக்க ஒரு வாரம் வேண்டும்.

தங்குமிடம்தான் தடை என்றால் தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. தனியார் ஹாஸ்டலைவிட "கவர்மென்ட் ஹாஸ்டல்" என்ற சொல்லுக்கு வீட்டில் மதிப்பு அதிகம். இடம் கிடைப்பது நிச்சயமில்லை. ஆஃபருக்குக் காத்திராமல் முன்பே விசாரியுங்கள்.

---

கூழாங்கல்

போன் எடுக்காத விஷயம் விட்டுப்போயிற்று.

தெரியாத எண் என்றால் கடன் வசூல். அப்படித்தான் பல வீடுகளில். பைனான்ஸ்காரன் அழைத்தால் "அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லு" என்று போனைப் பிள்ளை கையில் திணித்த வீடுகள் அவை. எடுக்காமல் இருப்பது அங்கே வீட்டைக் காப்பாற்றிய பழக்கம். "பொறுப்பில்லை" என்று திட்டினால் பலனில்லை.

ஐந்து படியாகப் பழக்குங்கள். முதலில் நண்பருக்குப் போன், விஷயம் ஒன்று, 1 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அடுத்து வேறு துறை அலுவலகத்துக்கு, ஒரு தகவல் கேட்டு. மூன்றாவது, கடைக்கோ பஸ் டிப்போவுக்கோ, நேரமும் விலையும் கேட்டு. நான்காவது, நீங்கள் ஏற்பாடு செய்த தெரியாத நபர் அறிவிக்காமல் அழைப்பார், எடுத்து "வணக்கம், இன்னார் பேசுகிறேன்" என்று ஆரம்பிக்க வேண்டும். ஐந்தாவது, தவறவிட்ட அழைப்புக்குத் திரும்ப அழைத்து "சற்று முன் இந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது" என்று கேட்பது. பேசும் முன் சொல்ல வேண்டிய முதல் வரியையும் கேட்க வேண்டிய ஒரு கேள்வியையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். வாரம் ஒரு படி, அவசரம் வேண்டாம். கூடவே ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள்: வேலை தருவதாகச் சொல்லி முன்பணமோ ஓடிபியோ கேட்டால் வைத்துவிட வேண்டும். போனை எடுக்கப் பழக்கிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால், வேலை மோசடிக்காரரிடம் கொண்டுபோய் நிறுத்தியது போலாகும்.

16 வாரத்தில் வாசிப்பு வேகமும் ஆங்கிலமும் பெரிதாக மாறாது. செங்கல் சூளைக்குப் போய்வந்து பாதிப் பாதியாகப் பள்ளி படித்தவர்களுக்கு அது இரண்டு வருட வேலை. அவர்களைக் குழு விவாதத்தில் தள்ளுவதைவிட, எழுத்து வேலை குறைந்த பணிகளுக்கு அனுப்பிவிட்டு மாலையில் படிக்க வழி செய்யலாம். போன், பேச்சு, லீவு சொல்வது, கணக்குப் போடுவது ஆகியவை மாறும்.

ஹவாயின் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பேரை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். மோசமான சூழலில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் நன்றாகவே தேறி வந்தார்கள். அவர்களுக்கு அடிக்கடி வாய்த்திருந்தது, பெற்றோர் அல்லாத, நிலையாகக் கூட நின்ற ஒரு பெரியவர். அதனால் 60 பேருக்கும் நீங்களே பொறுப்பு என்று இருக்காதீர்கள். ஆறு ஆசிரியர், ஆளுக்குப் பத்துப் பேர். வேலையில் சேர்ந்த பிறகும் 90 நாள் வரை வாரம் ஒரு போன். கேட்க வேண்டியது மூன்றே: சாப்பாடு எப்படி, சூப்பர்வைசர் எப்படி, கையில் காசு இருக்கிறதா.

---

இனிஷியல்

எல்லாரும் மனத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். பெயரைப் பார்த்தீர்களா?

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் எழுதியதுதான் பெயர். பிறந்த தேதி தெரியாவிட்டால் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு நாள். முப்பது வயதுக்காரர்களில் ஜூனில் பிறந்தவர்கள் ஏன் இவ்வளவு பேர் என்று யோசித்திருக்கிறீர்களா? அது இருபது வயதில் வந்து காலை வாரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "எஸ். முருகேசன்". ஆதாரில் "முருகேசன்" மட்டும். பான் அட்டையில் கடைசிப் பெயர் இடத்தில் இனிஷியல் போட முடியாது என்பதால் அப்பா பெயரை விரித்து "முருகேசன் சுப்பிரமணி". மூன்றும் ஒரே ஆள் என்று கணினிக்குத் தெரியாது. பான், ஆதார் இணைப்பு தடுக்கும், பி.எஃப். கணக்கின் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) நிற்கும், சம்பளக் கணக்கு தாமதமாகும். முதல் சம்பளமே சிக்கினால் மேலே ஷிப்ட்_பி சொன்ன 35 நாள் 60 நாளாகிவிடும்.

ஐந்தாம் செமஸ்டரிலேயே ஒரு மதியம் ஒதுக்கி எல்லாச் சான்றிதழையும் மேசையில் பரப்பி ஒப்பிட வையுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதுதான் அடிப்படை. அதற்கேற்ப முதலில் ஆதார், பிறகு பான், பிறகு வங்கி, கடைசியில் பி.எஃப். இந்த வரிசை மாறினால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்றலாம். அதனால் இ-சேவை மையத்தில் அவசரத்தில் "ஏதோ ஒண்ணு போடுங்க" என்று சொல்லவிடாதீர்கள். இனிஷியலை விரித்து எழுதுவதா, புள்ளியோடு விடுவதா, முன்னால் வருமா பின்னால் வருமா என்பதை ஒரு தாளில் எழுதி, அதைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.